ஊர்ப்பெயரே ஆட்பெயராக



குழந்தைக்கு ஊரின் பெயரைச் சூட்டுவது மேனாட்டாரின் புதுமை என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணியார் வாசித்த பெயர்களை முதியோர் நினைவுகூர்வார்களாக: பழனி, சிதம்பரம், காசி, மதுரை, அண்ணாமலை. கப்பலேறி வந்தோருள் பலர் அத்தலங்களை மீண்டும் கண்டதில்லை. ஆயினும் நாள்தோறும் பிள்ளையை அழைக்கும்போது அவற்றைச் சொன்னார்கள்.

இவ்வழக்கு மிகப் பழையது. திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நம்பி ஆரூரன். பிறந்த ஊர் ஒன்று, பெயரில் நின்ற ஊர் திருவாரூர். சங்கப் புலவர் கோவூர் கிழாருக்கோ இயற்பெயர் என்னவென்றே இன்று தெரியவில்லை. ஊர்ப்பெயரே அவரைக் காத்து நிற்கிறது. இசையுலகிலும் செம்மங்குடி, அரியக்குடி என்றாலே ஊரன்று, பாடகரே நம் நினைவுக்கு வருகிறார்.

இலக்கணம் இதற்கு இரு வழிகளைத் தருகிறது. ஆரூர் என்பதோடு அன் விகுதி சேர்ந்து ஆரூரன் ஆவது ஒன்று. இடத்தால் பெயர் அமைவதை நன்னூலும் கூறும். விகுதியின்றி ஊர்ப்பெயரே ஆளுக்கு ஆகிவருவது மற்றொன்று. சிதம்பரம் என்பது அஃறிணைச் சொல்லாயினும், "சிதம்பரம் வந்தார்" என்றே நாம் சொல்லுகிறோம். வினைமுற்றிலேயே அவர் ஊரல்லர், மனிதர் என்பது தெளிவாகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். கெடாவில் தலைமுறைகள் பல பிறந்துவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறுகின்றன. லயத்தோடு தோட்டத்தின் பெயரும் வழக்கொழிகிறது. எனினும் இம்மண்ணின் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் நம்மிடையே அரியர். காரணம் ஓரளவு ஒலியைச் சார்ந்தது. பீடோங், செமிலிங் போன்றவை ஙகர ஒற்றில் முடிகின்றன. தமிழ்ச்சொல் அவ்வெழுத்தில் முடிவதில்லை.

தமிழோசைக்கு இயைந்த பெயர் ஒன்று உண்டு: கடாரம். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழன் நிகழ்த்திய கடற்படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் அப்பெயர் இருக்கிறது. கடாரங்கொண்டான் என்பது அவன் பெற்ற பட்டம். சிலர் அதையே மகனுக்குச் சூட்ட விரும்புகின்றனர். நாம் அதை விரும்பவில்லை. கடாரத்திலேயே பிறந்து, மலாய் அண்டை வீட்டாரோடு வளரும் பிள்ளை எதை வென்று கொண்டான்? ஆரூரன் போலக் கடாரன் எனலாம். இவ்விடத்தான் என்பதே அதன் பொருள். பள்ளித் தோழர்கள் கடாரங்காய் என்று கேலி செய்வர் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்!

பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே பொருள் கூறினார். அதைக்கொண்டு காழகன் எனப் பெயரிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் பதிவுப் படிவம் குறுக்கிடுகிறது. பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயர் உரோமன் எழுத்தில் ஏறும். ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்தாகிவிடுவதால் காழகன் கலகன் ஆகிவிடுவான். பழனிக்கும் நேர்ந்தது இதுவே. அடையாள அட்டையில் மட்டுமே அப்பெயரைக் கண்ட பேரன், அதில் உள்ளது ழகரம் என்பதை எவ்வாறு அறிவான்? 2006இல் விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்க்குமாறு பதிவுத் துறை அறிவுறுத்தியது. எழுத்துப் பிழையிலிருந்து பெயரைக் காக்கும் பொறுப்பு பெற்றோருடையதே.

நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரே பின்னால் நிற்கும். இன்று கடாரன் எனப் பெயர் பெறும் மகனின் பிள்ளைகள் இலண்டனுக்கோ மெல்பர்னுக்கோ குடிபெயர்ந்தால், அங்கே அதுவே அவர்களின் குடும்பப்பெயராகிவிடும். ஆகவே, படிவத்தை நிரப்பும்முன் பெயரைத் தமிழில் எழுதி, அதன் உரோமன் வடிவத்தைப் பாட்டியிடம் ஒருமுறையும் மலாய் நண்பரிடம் ஒருமுறையும் வாசித்துக் காட்டுங்கள்.