கால் ஊன்றுவது எப்போது?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளத் தோழர்களிடையே பேசியதன் சாரம்)

இன்று நாம் பேசப் புகும் விஷயம் மிகச் சிறியதாகக் காணப்படலாம். கணுக்கால் எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சை செய்து, தகடும் திருகாணியும் வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர், அந்தக் காலை எப்போது தரையில் ஊன்றலாம் என்பதே அது. ஆனால் இரும்பு ஆலைகள் நிறைந்த இந்த ஊரில் அது ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு விஷயமாகும். கால் ஊன்றாத வாரமெல்லாம் கூலியில்லாத வாரமல்லவா?

இக்கேள்விக்குப் பதில் சொல்ல வருகின்றவர்களோ ஏராளம். "ஒரு மண்டலம் அசையாதே" என்பார் ஒருவர். "கிரகம் விலகட்டும், நாள் பார்த்து ஊன்று" என்பார் மற்றொருவர். "புத்தூர் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொள்" என்பார் இன்னொருவர். ஒப்பந்தக்காரரோ, "நாளைக்கே வா, இல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்ளுகிறேன்" என்பார். இவர்களில் எவராவது ஏன் என்பதற்குக் காரணம் சொன்னதுண்டா? தகடு வைத்துத் தைத்த புண்ணின்மேல் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும், சீழும் பிடிக்கும் என்பதையாவது யோசித்தார்களா?

டாக்டர்கள் சொல்லுவதெல்லாம் வேதவாக்கு என்றும் நாம் சொல்ல வரவில்லை. "ஆறு வாரம் ஊன்றாதே" என்பது பல தேசத்து டாக்டர்களிடையேயும் ஒரு மாமூலாகவே இருந்து வந்தது. ஆனால் மாமூலை மாமூல் என்பதற்காகவே ஒப்புக்கொள்ளாத டாக்டர்களும் இருந்தார்கள். 2016-ல் கனடாவில் 110 நோயாளிகளிடம் இதைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பிறகு பிரிட்டனில் 23 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 480 பேரை, சீட்டுப் போட்டாற்போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரை 2 வாரத்திலும் மற்றப் பிரிவாரை 6 வாரத்திலும் ஊன்றச் செய்தார்கள். 2024-ல் 'லான்செட்' பத்திரிகையில் முடிவு வந்தது. 4 மாதம் கழித்துக் கணுக்கால் வேலை செய்யும் திறனுக்கு 100-க்கு மார்க்குப் போட்டுப் பார்த்ததில், முன்னே ஊன்றியவர்களுக்கு 65.9, பின்னே ஊன்றியவர்களுக்கு 61.2. கெடுதல்களோ இருதிறத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் ஆறு வாரம் என்பது எல்லோருக்கும் கட்டாயமல்ல என்பது விளங்கவில்லையா?

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எலும்பு உயிருள்ள வஸ்து. பாரம் தாங்கினால் உறுதிப்படும், தாங்காவிட்டால் இளைக்கும். இதை வுல்ஃப் என்னும் ஜெர்மன் டாக்டர் 1892-லேயே எழுதினார். பாரமே தெரியாத ஆகாயத்தில் மாதக்கணக்கில் தங்குகின்றவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதம் 100-க்கு 1 பங்குக்கு மேலும் குறைகின்றது. சும்மா கிடக்கும் காலில் சதையும் வற்றும், மூட்டும் விறைக்கும்.

ஆனால், தோழர்களே! இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே கட்டைப் பிரித்து நடந்துவிடாதீர்கள். நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களை மேற்படி சோதனையில் சேர்க்கவே இல்லை. வலி என்கின்ற காவல்காரன் இல்லாத காலில் தகடு பெயர்ந்தாலும் தெரியாது. அவர்கள் அதிக நாள் பொறுக்க வேண்டும். எலும்பு பல துண்டாக நொறுங்கியவர்களுக்கும், இரு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார் அறுந்து திருகாணி போடப்பட்டவர்களுக்கும், புண் ஆறாதவர்களுக்கும் கெடு வேறு. ஆகையால் உங்கள் டாக்டரை மூன்று கேள்வி கேளுங்கள்: "என் முறிவு உறுதியாய் நிற்கின்றதா? எந்த நாளில், எத்தனை கிலோ பாரம் வைக்கலாம்? ஏன்?" கேட்பது மரியாதைக் குறைவல்ல, கால் உங்களுடையது.

உத்தரவு கிடைத்ததும் பூட்ஸ் மாட்டி, ஊன்றுகோலுடன், எடை பார்க்கும் இயந்திரத்தில் காலை அழுத்தி அளவு பழகி, படிப்படியாக ஏற்றுங்கள். பீடி சிகரெட்டை விடுங்கள். அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். புண் கசிந்தாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறியிருக்கக்கூடும்.

கால் ஊன்றுவது வேறு; மூட்டை தூக்குவது வேறு. முன்னதற்கு உத்தரவு வந்துவிட்டது என்று பின்னதற்கு உங்களை எவரும் இழுக்க இடங்கொடாதீர்கள். வேலையில் நேர்ந்த காயமானால், ஈ.எஸ்.ஐ.யில் பதிவுள்ளவருக்கு, வேலை செய்ய இயலாதென்று டாக்டர் சான்று தரும் காலத்துக்குத் தினக்கூலியில் 100-க்கு 90 பங்கு கிடைக்கும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கின்றவருக்கும் அது உண்டு. அது பிச்சையல்ல, உரிமை. காயம்பட்ட அன்றே அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஆகவே, நாளும் கோளும் பார்த்துப் படுத்துக்கிடப்பதும் மடமை. ஒப்பந்தக்காரருக்குப் பயந்து ஓடுவதும் மடமை. காரணம் கேட்டு, காரணம் விளங்கின பிறகு காலை ஊன்றுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.