அமாவாசை இருட்டும் அறிவு வெளிச்சமும்
(புதுவைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)

தை அமாவாசை என்றால் நம் கடற்கரையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இறைக்கும் எள்ளும் தண்ணீரும் பிதிர்லோகம் போய்ச் சேரும் என்கிறார்கள். அந்த லோகம் எந்தத் திக்கில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கேட்டால் பதில் இல்லை. தட்சிணை மாத்திரம் உண்டு. திக்கும் தூரமும் சொல்லக்கூடிய ஒரு லோகத்தை நான் சொல்கிறேன்.

அதே இரவு ஏழரை மணிக்கு, விளக்கு வெளிச்சம் எட்டாத கிராமத்து வயல்வரப்பில் நின்று வடமேற்கு வானத்தைப் பாருங்கள். மங்கலான புகைத்திட்டு ஒன்று தெரியும். ஆண்டிரமீடா என்ற நட்சத்திரக் கூட்டம் அது. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் வெளிச்சம் அங்கிருந்து இங்கு வர சுமார் 25 லட்சம் வருஷம் பிடிக்கிறது. அது புறப்பட்ட நாளில் நம் மனித இனமே இல்லை. ஜாதி ஏது, சடங்கு ஏது?

கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது, காமிரா சேர்க்கும். காமிராவை முக்காலியில் நிறுத்தி, இரண்டொரு நொடி திறந்து பல படங்கள் எடுங்கள். அதிக நேரம் திறந்தால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் கூட்டமும், பக்கத்தில் அதன் துணைக் கூட்டம் ஒரு புள்ளியாகவும் விழும்.

அத்துணைக் கூட்டத்தை 1749இல் கண்டவர் பிரெஞ்சுக்காரரான லெ ழாந்தி. அவர் நம் புதுவைக்கு 1768இல் வந்து, இடிந்த கவர்னர் மாளிகையின்மேல் ஆராய்ச்சிக்கூடம் கட்டி, சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காணக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடிவிட்டது! அவர் கிரகதோஷம் என்று பரிகாரம் தேடவில்லை. காணாததைக் கண்டதாகவும் எழுதவில்லை.

1923இல் அமெரிக்காவில் ஹப்பிள் என்பவர் ஆண்டிரமீடாவைப் படமெடுத்தார். ஒரு புள்ளியைத் திடீரென ஒளிரும் நட்சத்திரமென்று முதலில் குறித்தார். பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, அது வெளிச்சம் கூடிக்குறையும் நட்சத்திரமென்று தெரிந்தது. உடனே தம் குறிப்பைத் தாமே அடித்துத் திருத்தினார். அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டே, அது நம் நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளியேயுள்ள தனிக் கூட்டமென்று மெய்ப்பித்தார். அவர் சொன்ன தூரத்தையும் பின்வந்தவர்கள் திருத்தினார்கள்.

தோழர்களே! தவறென்று கண்டதும் அடித்தெழுதும் அந்தக் கைதான் அறிவு. நம் சடங்குகளில் இதுவரை எந்த வரியையாவது யாராவது அப்படி அடித்ததுண்டா?

வருகிற தை அமாவாசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயல்வரப்புக்குப் போங்கள். அங்கே தட்சிணை கேட்பாரில்லை. நான் சொன்னதையும் நம்பிவிடாமல், நீங்களே பாருங்கள்!