அயல்நாட்டு ஆய்வுக் கல்வியும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகத்தைத் தொடங்கியபோது, நம் பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வைத் தாண்டினால் போதும் என்று எண்ணினோம். இன்று வரலாறும் தமிழும் பொருளியலும் பயின்ற பட்டதாரிகள் இம்மன்றத்தில் நிறைந்திருக்கின்றனர். ஆயினும், "கலைப் பாடம் படித்தவனுக்கு வெளிநாடு எதற்கு?" என்னும் கேள்வி நம் வீடுகளில் இன்னும் ஒலிக்கின்றது. அதற்கு விடை கூறவே இங்கு நிற்கின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் கடல் கடந்தது பொறியியலோ மருத்துவமோ கற்பதற்கன்று. 1913ஆம் ஆண்டு, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பொருளியல், சமூகவியல், வரலாறு ஆகியவற்றைப் பயின்று 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம், அங்கு நடந்த மானிடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்துக் கட்டுரை படித்தார். பிறர் நம்மை ஆராய்ந்து எழுதிய நிலை மாறி, நம்மவர் ஒருவரே அறிஞர் அவையில் சாதியை ஆராய்ந்து உரைத்த நாள் அது.

பின்னர் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகை முடிந்தது; ஆய்வு முடியவில்லை. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதியோடு தாயகம் வந்தார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டிற்கு 1923இல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. கொலம்பியாவின் முனைவர் பட்டமோ, ஆய்வேடு நூலாக அச்சேறிய பின்னரே, 1927இல் கிடைத்தது. அவருக்கு அறிவில் குறைவில்லை. பணமும் காலக்கெடுவுமே அவரை அலைக்கழித்தன என்பதை நாம் மறத்தலாகாது.

விடுதலைக்குப் பின், 1954-55ஆம் ஆண்டில் மைய அரசு தாழ்த்தப்பட்டோருக்கான அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால், 2022 பிப்ரவரியில் வெளியான விதிகள், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமுதாயம் ஆகியவை பற்றிய ஆய்விற்கு அத்திட்டத்தில் இடமில்லை என்றன. அவற்றை உள்நாட்டிலேயே கற்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அண்ணலின் 1916ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்விதியின் முன் என்னவாகியிருக்கும்? நம் வரலாற்றை நாம் எங்கிருந்து எழுதுவது என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும். இவ்விதி நீங்கக் குரல் எழுப்புவது நம் கடமை.

அதே வேளையில், பிற வாயில்களையும் தட்டுவோம். காமன்வெல்த் உதவித்தொகை உண்டு. ஃபுல்பிரைட் உதவித்தொகை உண்டு. 1892இல் தோன்றிய ஜே.என். டாட்டா அறக்கட்டளை கடனாக உதவுகின்றது. ஆங்கில இலக்கியம் பயின்ற கே.ஆர். நாராயணன் அவர்கள் 1945இல் டாட்டா உதவித்தொகையுடன்தான் லண்டன் சென்றார். 1997இல் குடியரசுத் தலைவரானார்.

ஆய்வேட்டுப் பரிசுகளையும் அறிந்துகொள்ளுங்கள். ஆசியாவைப் பற்றிய சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டிற்கு லண்டன் ராயல் ஆசியச் சங்கம் பெய்லி பரிசு வழங்குகின்றது. இத்தகைய பரிசுகளின் பயன் தொகையில் இல்லை. அலமாரியில் உறங்க வேண்டிய ஆய்வேட்டைப் பதிப்பாளர் கண்ணில் படச் செய்வதில் உள்ளது. புனே எரவாடாவின் குடிசைப் பகுதியில் வளர்ந்து, இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் முனைவரான வரலாற்றாசிரியர் ஷைலஜா பாய்க், தலித் பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 2024இல் அமெரிக்காவின் மெக்கார்தர் விருதைப் பெற்றார்.

நம்மிடையே ஒரு மாணவர், வருமானச் சான்றிதழ் கைக்கு வருமுன் இறுதி நாள் கடந்துவிட்டதால் ஓராண்டை இழந்தார். அவர் திறமைக்குக் குறைவில்லை. வழிகாட்ட நாம் அருகில் இல்லை. ஆகவே, பட்டம் பெற்ற ஆண்டே சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் பெற்றுவிடுங்கள். ஆய்வுத் திட்டத்தை எழுதி, இரு பேராசிரியர்களிடம் காட்டித் திருத்துங்கள். விண்ணப்பக் கட்டணத்திற்கும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்திற்கும் கழகத்தில் ஒரு நிதி அமைத்தல் வேண்டும். சென்று வந்தோர் அடுத்தவரின் விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தித் தரல் வேண்டும்.

பொன்விழா மலரில், நம் பிள்ளைகள் எழுதிய ஆய்வேடுகளின் பட்டியல் இடம்பெறட்டும்.