தியானமும் தொழுகையும்

(இலுப்பூரில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த ஒரு தம்பி கேட்டார்: "தூக்கமே இல்லை ஹஜ்ரத். டாக்டர் மாத்திரையோடு தியானமும் செய்யச் சொன்னார். அஞ்சு வேளை தொழுகிறவன் அதைச் செய்தால் ஈமானுக்குக் குறையா?"

தியானம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் வழவழப்பான படுக்கைகள், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து. சமண முனிவர்கள் ஊரைவிட்டு ஒதுங்கி அங்கே தவமிருந்தார்கள். படைத்த இறைவன் என்ற கொள்கை சமணத்தில் இல்லை. தன் வினையைத் தானே அறுக்கும் முயற்சி அது.

நபி (ஸல்) அவர்களும் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். ஆனால் வஹீ வந்தபின் குகையிலேயே தங்கிவிடவில்லை, மக்களிடம் இறங்கி வந்தார்கள். ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்ததும் பள்ளிவாசலில்தான். தொழுகையில் கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான், தோளோடு தோள் நிற்பவரும் இருக்கிறார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வேறுபாடு. மூச்சைக் கவனித்து உட்கார்வது நடைப்பயிற்சி மாதிரி ஒரு பயிற்சி. அதில் வேறு வணக்கமோ மந்திரமோ கலக்காதவரை தாராளமாகச் செய்யலாம். தொழுகைக்குப் பதிலாக மட்டும் வைக்காதீர்கள்.

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) சூஃபிச் சொல்லோடு யோகச் சொல்லையும் சேர்த்தே பாடியவர். அதை ஒப்பாத ஆலிம்களும் உண்டு. அந்த வழக்குக்குள் இன்று போகவில்லை.

தொழுகிறவருக்கு ஏன் அமைதி வரவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. அவசரமாகத் தொழுத ஒருவரை, நீர் தொழவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு ருகூவிலும் ஸுஜூதிலும் உடல் அடங்கும்வரை இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி. ஒரு நாளைக்கு ஃபர்ளு மட்டும் 17 ரக்அத், 34 ஸுஜூது. ஒவ்வொன்றிலும் அடங்கி இருக்க இடம் இருக்கிறது. நாமோ கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டு எழுகிறோம். சில இடங்களில் தராவீஹ் முடிந்தால் ஓட்டப்பந்தயம் முடிந்தாற்போல் மூச்சு வாங்குகிறது!

அந்தத் தம்பியிடம் மாத்திரையை நிறுத்தாதே என்றேன். தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. அப்படி இருப்பவரைப் பார்த்து "ஈமான் போதவில்லை" என்று யாரும் சொல்லாதீர்கள், அந்தச் சொல்லே பலரை வாய்மூட வைக்கிறது. அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டுப் பெண்களுக்கும் அந்த எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.