நிறக் கணக்கின் யோக்கியதை



இன்று நாம் பேச வந்த விஷயம் அமெரிக்காவிலுள்ள ஒரு சிற்றூரின் ஜனக் கணக்காகும். "நம்மூர்ச் சங்கதிகளே மலைபோல் கிடக்க, கடல் தாண்டிய ஊரைப்பற்றி நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கக்கூடும். பிறப்பினால் ஒருவனை மேல், ஒருவனைக் கீழ் என்று வகுக்கும் வித்தை நம் நாட்டாருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அது வேறொரு நாட்டில் எப்படி உண்டாக்கப்பட்டது, எப்படி எழுதி வைக்கப்பட்டது, அதனால் யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று பார்த்தோமானால், அது இயற்கையா, கடவுள் செயலா, அல்லது மனிதன் செய்த சூழ்ச்சியா என்பது தானே விளங்கும்.

அமெரிக்காவின் தென்பாகத்தில் மிசிசிப்பி என்று ஒரு மாகாணம். அங்கே பருத்தி விளையும் வண்டல் பூமியில் மௌண்ட் பையூ என்று ஓர் ஊர் இருக்கின்றது. ஜனத்தொகை ஏறக்குறைய 1,500தான். 2010ஆம் வருஷக் கணக்கின்படி அதில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கறுப்பர்கள். இவ்வளவோடு கணக்குப் புஸ்தகம் வாயை மூடிக்கொள்ளுகின்றது. ஏன் அப்படி என்று அது சொல்லுவதில்லை. நாம் கேட்க வேண்டியது அந்த "ஏன்" என்பதைத்தான்.

இந்த ஊரை 1887ல் உண்டாக்கியவர்கள் ஐசையா மாண்ட்கோமரி என்பவரும், அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீன் என்பவருமாவார்கள். மாண்ட்கோமரி அடிமையாய்ப் பிறந்தவர். அவருடைய எஜமானன் ஜோசப் டேவிஸ் என்ற பெரும் பண்ணைக்காரன். அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்துபோய் 1861 முதல் 1865 வரை யுத்தம் செய்த தென்மாகாணங்களுக்குத் தலைவராயிருந்த ஜெபர்சன் டேவிஸுக்கு இவன் அண்ணன். யுத்தத்தில் தென்மாகாணங்கள் தோற்றன, அடிமைகள் விடுதலையானார்கள். ஆனால், விடுதலை என்று காகிதத்தில் எழுதினால் நிலம் வந்துவிடுமா? ரயில்வே கம்பெனிக்காரர்களிடம் காடும் சதுப்புமாய், கொசுவும் காய்ச்சலுமாய்க் கிடந்த பூமி விலைக்கு இருந்தது. வெள்ளையர் தீண்டாத அந்தப் பூமியைக் கறுப்பர்கள் வாங்கினார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து, தண்ணீரை வடித்து, ஊராக்கினார்கள். ஆகவே நூற்றுக்கு 95 என்பது இரத்தம் செய்த காரியமல்ல. ஒதுக்கப்பட்டவர்கள் ஒதுங்கியதனால் உண்டான காரியமேயாகும்.

சரி, இந்தக் "கறுப்பர்", "வெள்ளையர்" என்ற பிரிவையாவது இயற்கை வகுத்ததா என்று பார்ப்போம். அமெரிக்க சர்க்கார் முதன்முதல் 1790ல் தலையெண்ணினார்கள். அப்போது சுதந்திரமுள்ள வெள்ளையர், சுதந்திரமுள்ள மற்றவர், அடிமைகள் என்றுதான் பிரித்தார்கள். சட்டசபை ஸ்தானங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிக்கொண்டார்கள். அந்த மூன்று பேர் கணக்கின் லாபமும் எஜமானனுக்கே போயிற்று. அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. 1850ல் "கலப்பு" என்று ஒரு வகுப்பு வந்தது. 1890ல் அதையும் பிளந்து, நாலில் ஒரு பங்கு கறுப்பு, எட்டில் ஒரு பங்கு கறுப்பு என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள். தோழர்களே! வாசற்படியில் நின்றுகொண்டிருந்த குமாஸ்தா, வீட்டுக்காரனுடைய இரத்தத்தில் எட்டில் ஒரு பங்கை எந்தத் தராசில் வைத்து நிறுத்தான்? கண்ணால் பார்த்தான், எழுதினான், போனான். அவ்வளவுதான். 1930ல் அந்தச் சிரமமும் வேண்டாமென்று, துளி கறுப்பு இரத்தம் இருந்தாலும் கறுப்பன் என்றே எழுது என்று உத்தரவு போட்டார்கள். துளி வெள்ளை இரத்தம் இருந்தால் வெள்ளையன் என்று ஏன் எழுதக்கூடாது? கணக்கெடுத்தவன் வெள்ளையன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்குகளிலும் அமெரிக்க சர்க்கார் "ஹிந்து" என்பதை ஓர் இனமாக எழுதினார்கள். இந்தியாவிலிருந்து போனவன் சீக்கியனானாலும், முஸ்லிமானாலும் அங்கே "ஹிந்து" இனந்தான். பிறகு 1970ல் அதே இந்தியர்களை வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980ல் "ஆசிய இந்தியர்" என்று தனியே பிரித்தார்கள். ஆகவே அங்கே நாற்பது வருஷம் குடியிருந்த ஒரு மனிதன், தோலில் ஒரு மாறுதலுமின்றி மூன்று இனத்தானாய் இருந்துவிட்டான்!

நியாயஸ்தலத்தின் யோக்கியதையையும் கேளுங்கள். பிரஜா உரிமை வேண்டிய ஜப்பானியர் ஒருவருக்கு 1922ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், "வெள்ளையன் என்றால் தோல் நிறமல்ல, காக்கேசிய இனத்தான் என்று அர்த்தம்" என்று சொல்லி உரிமையை மறுத்தது. அடுத்த வருஷம் பகத்சிங் திண்ட் என்ற சீக்கியர் வந்தார். (இவர் இங்கே தூக்கிலிடப்பட்ட பகத்சிங் அல்ல, வேறொருவர், அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தவர்.) "பண்டிதர்கள் எங்களையும் காக்கேசியர் என்றுதானே சொல்லுகிறார்கள், நான் உயர்ந்த ஜாதி ஆரியன்" என்றார். "பண்டிதர் சொல்லுவது இருக்கட்டும், சாதாரண மனிதன் உன்னை வெள்ளையன் என்று ஒப்புக்கொள்ளமாட்டான்" என்று அதே நீதிமன்றம் கதவைச் சாத்திற்று. இங்கே கொண்டுபோன ஜாதிப் பெருமை அங்கே செல்லாக் காசாயிற்று! தன்னைவிடக் கீழானவன் ஒருவனைக் காட்டி மேலே ஏறப் பார்ப்பவனுக்கு, அவனையே கீழே வைக்க வேறொருவன் மேலே காத்திருக்கிறான் என்பதை நம்மவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

இனி, மௌண்ட் பையூவுக்கு வருவோம். தனி ஊர் கண்டதனால் அவர்களுக்கு லாபம் உண்டா என்றால், உண்டு. தங்கள் நகரத் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 1904ல் சொந்தமாக பாங்கு வைத்தார்கள். தங்கள் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார்கள். ஆனால், அதற்குக் கொடுத்த விலை யாது? 1890ல் மிசிசிப்பியில் புது அரசியல் சட்டம் செய்ய ஒரு மகாசபை கூடிற்று. அதிலிருந்த ஒரே கறுப்புப் பிரதிநிதி மாண்ட்கோமரி. ஓட்டுக்கு இரண்டு டாலர் தலைவரி, சட்டத்தைப் படிக்கவோ விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இவற்றின் நோக்கம் கறுப்பர் ஓட்டைப் பறிப்பதேயாகும். அப்போது அம்மாகாணத்தில் கறுப்பர்களே பெரும்பான்மையோர். அப்படியிருந்தும் மாண்ட்கோமரி அதை ஆதரித்தார். விட்டுக்கொடுத்தால் வெள்ளையர் கோபம் தணியும், நம் ஊர் பிழைக்கும் என்று நம்பினார் போலும்! கோபம் தணியவில்லை. பருத்தி வியாபாரம் கெட்டபோது பாங்கும் பிழைக்கவில்லை, 1914ல் மூடப்பட்டது.

இதன் பலன் 65 வருஷங் கழித்து வந்ததைக் கேளுங்கள். 1955ல் சிக்காகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை, கடையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் துடுக்காய் நடந்தான் என்பதாகச் சொல்லி, வெள்ளையர்கள் தூக்கிப்போய்ச் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் போட்டார்கள். விசாரணையில் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளையர்கள். ஏன்? ஓட்டர் ஜாபிதாவில் உள்ளவன்தான் ஜூரியாகலாம். அந்த ஜில்லாவில் ஜாபிதாவில் ஒரு கறுப்பர் பெயரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாய் உட்கார்ந்திருந்து, குற்றவாளிகளல்ல என்று விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் அந்தக் கொலைகாரர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகைக்குத் தங்கள் செய்கையை ஒப்புக்கொண்டார்கள். 1890ல் விட்டுக்கொடுத்த ஓட்டு எங்கே போய் முடிந்தது பார்த்தீர்களா?

ஆனால் அதே மௌண்ட் பையூ வேறு காரியமும் செய்தது. 1942ல் ஒரு கறுப்பர் சங்கத்தார், ஏழை அங்கத்தினர்களின் சிறு சந்தாவைக்கொண்டு அங்கே டபோரியன் ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். அதன் தலைமை ரண வைத்தியராயிருந்த டாக்டர் ஹோவர்ட் 1951ல் ஒரு சங்கங் கண்டார். மலஜல வசதியைக் கறுப்பருக்கு மறுக்கும் கடையில் பெட்ரோல் வாங்காதே என்று அச்சிட்டு மோட்டார்களில் ஒட்டச் செய்தார். டில் வழக்கின்போது சிறுவனின் தாயாருக்கும், கறுப்புப் பத்திரிகைக்காரருக்கும் அவர் வீடே அரணாயிருந்தது. அவரிடத்தில் வேலை பழகிய மெட்கர் எவர்ஸ், 1963ல் உரிமைக்காகச் சுடப்பட்டு மாண்டார். 1965ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. ஒதுங்கிய ஊர், ஒதுங்குவதை விட்டு வெளியே வந்து கேட்டபோதுதான் பலன் கிடைத்தது.

"அப்படியானால் இந்தக் கணக்கே வேண்டாம்; எழுதாவிட்டால் இனமும் ஜாதியும் ஒழிந்துவிடும்" என்று சில கனவான்கள் சொல்லுகிறார்கள். இது புண்ணைத் துணியால் மூடிவிட்டால் ஆறிவிடும் என்பது போன்றதாகும். கணக்கு இருந்ததனால்தான் இத்தனை ஆயிரம் கறுப்பரில் ஜாபிதாவில் ஒருவரும் இல்லை என்று ருசுப்படுத்த முடிந்தது. ஆதலால் கணக்கு இருக்கட்டும். ஆனால் அதை இயற்கை என்று நம்பவேண்டாம். யார் எண்ணினான், யாருக்காக எண்ணினான், எண்ணப்பட்டவனுக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்று கேள்விகளையும் எந்த ஊர்க் கணக்கைப் பார்த்தாலும் கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.