களிமண் முத்திரையும் ஒரு திருத்தமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



சிவில் படித்தவன் பாலத்தைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் முத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன். விடுதியில் என் அறைத் தோழர்களிடம் சொன்ன ஒரு தப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பழைய யூதா நாட்டில் பதவியிலிருந்தவர்கள் சின்னக் கல் ஒன்றில் தம் பெயரையும் தகப்பன் பெயரையும் இடவலம் மாற்றி எபிரேய எழுத்தில் வெட்டி வைத்துக்கொள்வார்கள். முதல் எழுத்து பெரும்பாலும் 'ல'. 'இன்னாருக்கு உரியது' என்று அர்த்தம். பாப்பிரஸ் தாளைச் சுருட்டி, நூலால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பிக் கல்லை அழுத்துவார்கள். நம்ம தபால் ஆபீஸ் அரக்கு மாதிரிதான்.

1982-ல் ஜெருசலேமில் 'தாவீதின் நகரம்' என்னும் பகுதியில் யிகால் ஷிலோ தலைமையில் நடந்த அகழாய்வில், ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. கி.மு. 586-ல் பாபிலோனியர் ஊரைக் கொளுத்தியபோது தாளெல்லாம் சாம்பல். அதே தீ களிமண்ணைச் செங்கல் மாதிரி சுட்டுக் காப்பாற்றிவிட்டது. சூளை போட்டவன் பகைவன்! அவற்றில் ஒன்றில், 'சாப்பான் மகன் கெமரியாவுக்கு உரியது' என்றிருக்கிறது. எரேமியா நூல் 36-ம் அதிகாரத்தில் பாருக் சுருளை வாசித்தது இந்தப் பெயருள்ளவரின் அறையில்தான். பெயர், தகப்பன் பெயர், ஊர், காலம் நாலும் ஒத்துப்போகின்றன.

நான் விடுதியில் சொன்னது இதையல்ல. பாருக்கின் முத்திரை என்றே ஒன்று 1970-களில் பழம்பொருள் சந்தைக்கு வந்தது. நஹ்மான் அவிகாத் என்ற பெரிய அறிஞரே அதை வெளியிட்டார். பிறகு வந்த இன்னொன்றில் ஒரு விரல்ரேகை வேறு! "எரேமியாவுக்கு எழுதிக்கொடுத்தவர் கைரேகைடா" என்று ராத்திரி இரண்டு மணிவரை பேசினேன். 2014-ல் யுவால் கோரனும் எரான் அரியும் இரண்டையும் ஆராய்ந்து, இந்தக் காலத்துப் போலி என்று முடிவு சொன்னார்கள்.

எனக்கு ஒரு பழைய அனுபவம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளின் சீட்டுகளை நனையவிட்டுவிட்டேன். மண் பத்திரமாக இருந்தது. எந்தத் துளை, எத்தனை மீட்டர் ஆழம் என்பது போயிற்று. மூத்த பொறியாளர் திட்டவில்லை. "தம்பி, இது இப்ப வெறும் மண்ணு" என்றார், அவ்வளவுதான். மறுபடி துளையிட்டோம். சந்தைக்கு வந்த முத்திரைக்கு அந்த வசதியும் இல்லை. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று யாரைக் கேட்பது?

அன்று கேட்ட நாலு பேரில் மூன்று பேர் இங்கே இருக்கிறார்கள். மன்னியுங்கள். நாலாமவன் மஸ்கட்டில். போன வாரம் போனில் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த ரேகை யாரோடதுடா?" என்றான்.