முதலைக்கு ஒரு நீர்நிலை



காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வந்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்காமல் திரும்புவோர் அரியர். அதே ஊரின் அட்டபுயகரத்தில், யானையின் காலைப் பற்றிய முதலை ஆழிப்படையால் மாய்ந்த கதை சொல்லப்படுகிறது. பல்லியும் ஊர்வனவே, முதலையும் ஊர்வனவே. ஒன்றுக்குப் பொன், மற்றொன்றுக்குச் சக்கரம். அவிநாசியில் பாலனை உமிழ்ந்த முதலைக்கும் சுந்தரர் பெருமையை விளக்குவதன்றி வேறு வேலையில்லை.

குறிஞ்சிப்பாட்டின் கபிலர் இவ்வாறு நோக்கவில்லை. தலைவன் வரும் வழியின் இடர்களை எண்ணுமிடத்தில் முதலை, இடங்கர், கராம் என மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். நீர்த்துறையில் நின்று வேறுபாடு கண்டவர் வைத்த பெயர்கள் அவை. இன்றைய அகராதியைப் புரட்டினால் இடங்கரும் 'முதலையில் ஒரு வகை'. கராமும் 'முதலையில் ஒரு வகை'. எந்த வகை? உயிரைக் கண்டறிந்த கண் மறைந்தபின் சொல் மட்டும் எஞ்சியது.

உயிரும் மறையும் நிலை 1970களில் வந்தது. தோலுக்காக வேட்டையாடியதாலும், முட்டைகளைக் கவர்ந்ததாலும், அணைகளாலும் இந்திய முதலையினம் அருகிற்று. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் நண்பர்களும் மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், சென்னை முதலைப் பண்ணையை நிறுவினர். 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை அவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பண்ணை என்பதைவிட வங்கி என்ற அதன் ஆங்கிலப் பெயரே பொருத்தம்: அழியும் இனத்தைச் சேமித்து, பெருக்கி, ஆறுகளுக்குத் திருப்பித் தருவதே நோக்கம். இலாபம் கருதாத அறக்கட்டளை அது. பார்வையாளர் தரும் கட்டணம் அதன் பெரும் ஆதாரங்களுள் ஒன்று.

அங்குக் கண்டறிந்தவை கவிஞர் கேட்கத்தக்கவை. சதுப்பு முதலையின் முட்டையில் ஆணா பெண்ணா என்பதைக் கருவல்ல, மணலின் வெம்மையே முடிவு செய்கிறது. 28 முதல் 31 பாகை வரை பெண், 32.5 பாகையை ஒட்டி ஆண். அரைப் பாகை, ஒரு பாகை வேறுபாட்டில் ஒரு தலைமுறையின் பால் மாறுகிறது. ஆண்டுக்கு இருமுறை முட்டையிடும் பெண்களும் அங்குக் காணப்பட்டன. குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கத் தாய் மணலைத் தோண்டும். பின், யானைக்காலைக் கவ்விய அதே வாயில் அவற்றை மெல்ல ஏந்தி நீருக்குக் கொண்டுசெல்லும். தந்தையும் சுமப்பதைப் பண்ணையில் கண்டு எழுதியுள்ளனர். தொட்டிலாகும் கோரைப்பற்களைப் பாடிய பாட்டு தமிழில் உண்டா?

அவ்வளாகத்திலேயே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் சொல்லாமல் போவது அறமன்று. தோல் வணிகம் தடைபட்டதால் வாழ்விழந்த இருளர்கள், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்செடுத்து, பாம்பைக் காட்டிலேயே விடுகின்றனர். நஞ்சுமுறி மருந்துக்கு அதுவே மூலம். 2023-இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றனர். எழுத்தறியாக் கண்களின் கல்விக்கு அது தாமதமாக வந்த பட்டம்.

பண்ணையின் துயரம் அதன் வெற்றியிலிருந்தே பிறந்தது. முதலைகள் பெருகின, அவற்றை விடத்தக்க நீர்நிலைகள் சுருங்கின. 1994-இல் மைய அரசு சதுப்பு முதலைகளை விடுவிப்பதை நிறுத்தியது. அமராவதியிலும் சாத்தனூரிலும் முதலைகள் வாழ்கின்றன. பாலாறோ பெரும்பாலும் மணலாறு. வடநெம்மேலியின் தொட்டிகளோ நிரம்பி வழிந்தன. அங்குப் பிறந்த நூற்றுக்கணக்கான முதலைகள், தமிழக ஆறு ஒன்றிலும் நீந்தாமலே, 2022-இல் குசராத்தின் ஜாம்நகருக்கு வண்டியேறின.